தோள் அளவு

"பொய் சொல்லாதீங்கய்யா. வீட்டுல ஒரு நாளாவது பயிற்சி செஞ்சீங்களா?"

பிசியோதெரபிஸ்ட் அராசெலிக்குக் கோபம். எவெலியோ முதலில் வந்தபோது கேள்விக்குறி மாதிரி வளைந்திருந்தார். அவள் மல்லுக்கட்டி நிமிர்த்தினாள். போன வாரம் கம்பம் மாதிரி நின்றவர், இன்றைக்கு மறுபடியும் கேள்விக்குறி.

பிசியோதெரபி என்றால் எல்லோருக்கும் இதே நினைப்புதான். இவர்கள் படுத்திருப்பார்கள், அவள் பிடித்துவிட வேண்டும். உடம்பை அசைக்கச் சொன்னால் மூஞ்சி தொங்கிவிடும்.

"தினமும் செஞ்சேம்மா. சுவத்துல முதுகை ஒட்டி, கையைத் தூக்கி... வேணும்னா என் சம்சாரத்தைக் கேளு."

"கேட்டேன். வலை ஊஞ்சல்ல படுத்துக்கிட்டு டிவியில கால்பந்து பார்க்கிறீங்களாம்."

"அவ ஒரு கோள்மூட்டி!"

"ஐயா! சட்டையில தேள்!"

எவெலியோ துள்ளி எழுந்தார். எழுந்தவர் கம்பமாக நின்றார்.

"தேளும் இல்ல, கூனும் இல்ல. எதுக்கு இந்த நாடகம்?"

மாட்டிக்கொண்டார். தொப்பியைத் திருகினார்.

"நாளைக்கு தோள் அளக்குறாங்கம்மா."

அவர்கள் ஊரான அந்திகுவாவில் பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலச் சப்பரத்தைத் தூக்க, தோள் உயரம் பார்த்துத்தான் வரிசை போடுவார்கள். உயரமானவர்கள் ஒரு வரிசை, குட்டையானவர்கள் ஒரு வரிசை.

"நீ நிமிர்த்தி விட்டதுல வளர்ந்துட்டேன். வேற வரிசைக்குத் தள்ளிடுவாங்க."

"தள்ளட்டுமே! எந்த வரிசையில தூக்கினா என்ன?"

"எனக்குப் பின்னாடி வர்றது என் கூட்டாளி மக்காரியோ. அவனுக்கு முழங்கால் போச்சு. சொன்னா ஒத்துக்க மாட்டான், வீம்பு புடிச்சவன். நான்தான் அவனுக்குத் தெரியாம தோளைக் கொஞ்சம் உசத்திக்குவேன். பாரம் என் மேல இறங்கிடும். நான் இல்லேன்னா நடுத்தெருவுல உட்கார்ந்துடுவான். அப்புறம் அவனைச் சேர்க்கவே மாட்டாங்க. அந்த ஏக்கத்துலயே செத்துடுவான்மா."

அராசெலி அவர் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துவிட்டாள்.

"சரி, அளந்து முடிக்கிற வரைக்கும் கூனுங்க. அப்புறம் என்கிட்ட இந்த வேலை வெச்சுக்காதீங்க."

எவெலியோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, ஒழுங்காகக் கூனிக்கொண்டே பின்வாசல் வழியாகப் போனார்.

அடுத்து வந்தவர் காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். கதவைச் சாத்தினார். குரலை இறக்கினார்.

"அம்மா, நான் மக்காரியோ. எவெலியோவை நிமிர்த்திட்டீங்களாமே, நானும் அவன் வரிசையிலயே இருக்கணும், என்னையும் கொஞ்சம் உசத்தி விடுங்க. இத்தனை வருஷமா அந்தக் கூனன் பங்கு பாரத்தையும் நான்தான் சேர்த்துச் சுமக்கிறேன். பாவம், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"