குடை சாய்ந்த பக்கம்

நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் சாயங்கால வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை முன்வரிசைக்காரர்களின் மடிகளில் கோடுகளாகப் போட்டு வைத்திருக்கிறது. சுண்ணாம்புத்தூள் வாசனை அப்படியே இருக்கிறது. ஊர் திரும்பிய நாவலாசிரியை தன் புத்தகத்தை வாசிக்கிறாள். என் பக்கத்தில் அவளுடைய அக்கா. அந்தப் புத்தகம் வந்ததிலிருந்து தங்கையோடு பேச்சில்லை. தங்கையின் குரல் வாசிக்கிறது: "'நனைந்தால் நனை, போ' என்றாள் அக்கா. குடையை விரித்துக்கொண்டு தனியே நடந்தாள்." மின்விசிறி கடகடக்கிறது. "சொன்னேன்தான்," என்கிறாள் என் பக்கத்தில் இருக்கும் அக்கா, எல்லாருக்கும் கேட்க. "சொல்லிட்டு, குடைய யார் பக்கம்டி சாய்ச்சேன்? அத எழுதினியா?" பின்னாலிருந்து ஒருவர், "அம்மா, கதைய முடிக்க விடுங்க," என்கிறார். கூட்டம் சிரித்து ஓய்கிறது. தங்கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறாள். "என் பக்கம்தான்க்கா. உன் வலது தோள் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு." "இடது," என்கிறாள் அக்கா, அந்தத் தோளைத் தடவிக்கொண்டே.