ரிஜிஸ்டரில் பென்சில்

"ரொம்ப நன்றி மேடம்" என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் மேடம், இந்தப் பக்கம் நான். நடுவில் என்னை ஷிப்ட் சூப்பர்வைசராக்கும் உத்தரவு.

தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் எனக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். சத்தத்தை வைத்தே எந்த மோட்டார் படுக்கப்போகிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால், ஒரு பழுதைப் பற்றி அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டும். அந்த அரைப் பக்கத்தில் இரண்டு தடவை கோட்டைவிட்டேன். மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இதிலும் போயிருந்தால் ஓய்வு பெறும் வரை ஆபரேட்டர்தான்.

பாஸ் ஆகிவிட்டேன். நன்றி சொன்னது பென்சிலுக்காக.

எங்கள் ஷிப்ட் ரிஜிஸ்டரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் 'ஆல் ஓகே' என்று இரண்டு சொல்லைப் போட்டுவிட்டு, மீதியை அடுத்த ஷிப்ட்காரரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மதியம் இரண்டு மணிக்கு என்னிடமிருந்து பொறுப்பை வாங்குபவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சே கிடையாது.

மாமனார் வீட்டு விருந்தில் ஒருவரை 'மை கசின் பிரதர்' என்று அறிமுகப்படுத்தினேன். 'கசின் போதும், பிரதர் எதற்கு' என்று சபை நடுவில் சிரித்தார் சகலை. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். பெரியப்பா மகனை அண்ணன் இல்லாமல் எப்படிச் சொல்வதாம்? அன்றோடு சரி.

ஆகவே வால்வு, கசிவு, மோட்டார் சூடு என்று அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் பக்கம் பக்கமாக ரிஜிஸ்டரில் எழுதித் தொலைத்தேன். அந்த நிலையத்திலேயே அதிகம் ஆங்கிலம் எழுதியவன் நான்தான். அதிகம் தப்பு விட்டவனும் நான்தான்.

போன வருடம் ஒரு காலையில், முந்தைய நாள் நான் எழுதியதில் மெல்லிய பென்சில் கோடு ஒன்றைப் பார்த்தேன். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதில் 'அபவுட்' அடிபட்டிருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ரப்பரை எடுத்து அழித்தேன்.

மறுநாள் 'ஐ ஆம் ஹேவிங்' வெறும் 'ஐ ஹேவ்' ஆகியிருந்தது.

பிறகுதான் உறைத்தது. பேனாவால் அடித்திருந்தால் ஆபீஸ் முழுக்கப் பார்த்திருக்கும். இதை நான் அழித்துவிடலாம். யாரோ என் ஆங்கிலத்தோடு மானத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். அழிப்பதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கினேன். அந்த நோட்டைப் படித்துத்தான் பாஸ் ஆனேன். மாலையில் பார்வையிட வருபவர் மேடம் ஒருவர்தானே?

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நானா? ரிஜிஸ்டர்ல புகார் இருந்தா மட்டும்தாங்க நான் படிப்பேன். உங்க வால்வு ரூம் சாவிப் புகார்ல பென்சில் இருந்துச்சே, நீங்களே திருத்திக்கிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."



அந்தப் புகார் சகலையைப் பற்றியது. வால்வு ரூம் சாவியை ஒருநாள் சட்டைப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். காலையில் அரை மணி நேரம் தவித்தேன். அன்றே எழுதவில்லை; வேண்டுமென்றே மாதக் கடைசி நாள் வரை காத்திருந்து எழுதினேன். மாதம் முடிந்தால் ரிஜிஸ்டரை ஆபீசில் ஒப்படைப்பது மாலை ஷிப்ட் ஆளின் வேலை. தன் மேல் உள்ள புகாரைத் தானே சுமந்துகொண்டு போகட்டும் என்று. அவ்வளவு நல்லவன் நான்.

அதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்கு அன்று சாப்பாடு கூடக் கொஞ்சம் அதிகமாக இறங்கியது.

ஆபீசுக்குப் போன ரிஜிஸ்டர் திரும்பி வராது. அந்தப் பக்கத்தை நான் பிறகு பார்க்கவே இல்லை. மேடம் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

என் கையெழுத்து. கோபத்தில் அழுத்தி எழுதியதில் தாளே பள்ளமாகியிருந்தது. ஈவினிங் ஷிப்ட் ஆபரேட்டர் சாவியை 'டிட் நாட் ரிட்டர்ன்ட் பேக்'. அதில் 'ரிட்டர்ன்ட்', 'ரிட்டர்ன்' ஆகியிருந்தது. 'பேக்' அடிபட்டிருந்தது.

அடுத்த வரியில் அவரைக் 'கேர்லெஸ்' என்று எழுதியிருந்தேன். ஒரு எழுத்தை விட்டிருக்கிறேன். அந்த எழுத்தும் பென்சிலால் சேர்க்கப்பட்டிருந்தது.

நான் எழுதி மூடியது இரண்டு மணிக்கு. மேடம் கைக்கு வரும் வரை ரிஜிஸ்டர் ஒரே ஆளிடம்தான் இருந்தது.

உத்தரவை மடித்துப் பையில் வைத்தேன். கண் கலங்கியதை மேடம் பார்த்தார், சந்தோஷம் என்று நினைத்திருப்பார். அதுவும்தான்.

பம்ப் ஹவுஸுக்கு வந்தபோது இரண்டு மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. ரிஜிஸ்டரைத் திறந்தேன். பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன்.

சகலை வந்தார். வழக்கம்போல் என் முகத்தைப் பார்க்காமல் ரிஜிஸ்டருக்குக் கை நீட்டினார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைப் பென்சில். மூன்று வருடமாக அதை நான் பார்த்ததே இல்லை.

நான் ரிஜிஸ்டரைக் கொடுக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உக்காருங்க சகலை. இன்னைக்கு ஒண்ணும் எழுதல, வாயாலயே சொல்லிடறேன்."