ஆடாத கோப்பை

கோடை முகாமில் அன்று அரபு விருந்தோம்பல் பாடம். விருந்தாளி கோப்பையை ஆட்டினால் போதும் என்று அர்த்தம். ஆட்டும்வரை காப்பி ஊற்றுகிறவர் உட்காரக் கூடாது. ஊற்ற நின்றவள் துபாயில் வளர்ந்த ருமைஸா. விருந்தாளியாக உட்கார்ந்திருந்தவள் ஹாஜிரா. போன கோடைவரை டீச்சரின் “மாஷா அல்லாஹ்” என்ற பாராட்டு ஹாஜிராவுக்கு மட்டும்தான் கிடைக்கும். இப்போது ருமைஸா அரபியில் வாயைத் திறந்தாலே டீச்சர் பூரித்துப்போகிறார். ஹாஜிரா குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள். கசப்பு குமட்டியது. மறுபடி குடித்தாள், மறுபடி நீட்டினாள்.

“ஆட்டிடு புள்ள, கை கடுக்குது” என்று கிசுகிசுத்தாள் ருமைஸா.

“எனக்கு இன்னும் வேணும்.”

ஒன்பதாவது கோப்பையில் ஹாஜிராவின் விரல்கள் தாமாகவே நடுங்கின. எங்கே ஆடிவிடுமோ என்று கோப்பையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.