இரண்டாம் நம்பர் வீட்டு ஜன்னல்

இரண்டாம் நம்பர் வீட்டு ஜன்னலில் எதிர்க்கட்சி வேட்பாளரின் போஸ்டர் தெரிந்ததும் லயனல் கிரிம்ஷாவுக்கு நாக்கு பரபரத்தது. எதிராளியின் போஸ்டர் இருக்கிற வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்பது ஓட்டுக் கேட்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். லயனலுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"வீட்டுக்கு ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல நிக்காதீங்க" என்று தேர்தல் ஏஜெண்ட் டாஃப்னி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "நீங்க இந்தப் பக்கம், நான் எதிர்ப்பக்கம். நாளன்னைக்கு ஓட்டு. இந்தத் தடவையும் தோத்தா கட்சி வேற ஆளைப் பாத்துக்கும்."

போன நகராட்சித் தேர்தலில் லயனல் தோற்றது வெறும் பதினொரு ஓட்டில். இந்தத் தெருவில் ஒரு கதவு விடாமல் நின்று மணிக்கணக்கில் பேசியும் ஜனங்கள் ஏன் கைவிட்டார்கள் என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மணியை அழுத்தினார். கதவைத் திறந்தவள் ஹெஸ்டர். துறைமுக வாசலில் முப்பது வருஷம் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்திவிட்டு, ஈஸ்டருக்குப் பிறகு இந்தத் தெருவுக்குக் குடிவந்தவள்.

"உங்களுக்கு ஓட்டுப் போட்டா துறைமுகத்துல குண்டு வைக்காம இருப்பாங்களா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

நகராட்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். லயனல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா. குண்டு வெடிச்சுச் சாகறவங்களை விட குளியல் தொட்டியில வழுக்கி விழுந்து சாகறவங்கதான் ஜாஸ்தி."

"அப்படின்னா போலீஸ் என் குளியலறை வாசல்லயில்ல நிக்கணும்? துறைமுகத்துல எதுக்கு அத்தனை கான்கிரீட் கட்டை?"

"அது வெளியுறவுக் கொள்கை சம்பந்தப்பட்டது. கொஞ்சம் ஆழமாப் போகணும்."

"போங்களேன், யார் வேணாம்னா?"

ஹெஸ்டர் அவரைக் கேட்காமலே மூன்று கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கி டீயை அவர் கையில் கொடுத்தாள். வீட்டில் குடிக்கிற அதே தித்திப்பு. லயனல் உறிஞ்சிக்கொண்டே செங்கடலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"நம்ம போர்க்கப்பலுக்கு அங்க என்ன வேலைங்கறேன்? வம்பை நாமளே போய் வாங்கறோம்."

"அனுப்பாட்டி சரக்குக் கப்பல் எப்படி வரும்? நீங்க குடிக்கிற டீ எந்தப் பக்கமா வந்துச்சாம்?"

கப்பைக் கீழே வைத்தார் லயனல். இப்படி ஈடுகொடுத்துப் பேச ஓர் ஆள் கிடைத்து எத்தனை வருஷம் ஆயிற்று. அவருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

"சரி, செங்கடல் கிடக்கட்டும்" என்றாள் ஹெஸ்டர். "மூணு வாரமா தெருவுக்குக் குப்பை வண்டி வரலையே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"அதெல்லாம் சின்ன விஷயம்மா. முதல்ல வர்த்தகத்தைப் பேசி முடிச்சுடுவோம்."

ஹெஸ்டர் அவரை ஒரு கணம் பார்த்தாள். பாவம், மனுஷர் நல்லவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வர்த்தகம்தானே? ஐரோப்பாவை விட்டு வெளிய வந்தா வியாபாரம் கொட்டும்னீங்க. என் கடைக்கு வந்துட்டிருந்த கிளைவ், லாரியோட கடல் தாண்டி அக்கரையில கலே துறைமுகத்துல போய் இறங்கினதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வச்சிருந்த பன்றிக்கறி ரொட்டியைப் பிடுங்கிட்டாங்க. மாமிசம் உள்ள வரக்கூடாதாம்."

"ஒரு ரொட்டிக்காக நாட்டோட கொள்கையை மாத்த முடியுமா? ஆஸ்திரேலியாவோட ஒப்பந்தம் போட்டிருக்கோம். ஆட்டுக்கறி வரும்."

"பசிச்சா அவன் ஆஸ்திரேலியா வரைக்கும் லாரியை ஓட்டணுமா?"

லயனல் கோட்டைக் கழற்றினார். அப்புறம் மீன்பிடி உரிமை வந்தது, வட அயர்லாந்து வந்தது, எல்லைச் சோதனைப் படிவங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாலரைக்குத் தொடங்கியவர் சுவர்க் கடிகாரம் ஏழடித்தபோதுதான் நிமிர்ந்தார். அதே சமயம் வாசல் மணியும் அடித்தது. டாஃப்னி கையில் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தாள்.

லயனல் அவசரமாக எழுந்து வாசலுக்கு வந்தார். ஒரு தெருவில் ஒரே ஒரு வீடு.

"மன்னிச்சுடு டாஃப்னி. இந்த ஒரு வீட்டைத் தாண்டலை."

"பரவாயில்ல லயனல். கார்ல போய் உக்காருங்க, வந்துடறேன்."

திட்டு விழாததே அவருக்குப் பெரிய ஆச்சரியம். கோட்டை மாட்டிக்கொண்டே அவள் காதோரம் குனிந்தார்.

"பாதி கரைஞ்சுட்டாங்க. இன்னும் ஒரு மணி நேரம் கிடைச்சிருந்தா அந்தப் போஸ்டரே இறங்கியிருக்கும்."

விசிலடித்துக்கொண்டே போய்க் காரில் ஏறினார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் டாஃப்னி பட்டியலை ஹெஸ்டரிடம் நீட்டினாள்.

அதில் தெருவின் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் குறி விழுந்திருந்தது. முக்கால்வாசி வீடுகளுக்கு நேரே 'நமக்குத்தான்' என்றும், பக்கத்திலேயே 'குப்பை வண்டி' என்றும் எழுதியிருந்தாள். ஹெஸ்டர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஜன்னலில் இருந்த போஸ்டரைப் பிய்க்கப் போனாள்.

"கிழிச்சுடாத ஹெஸ்டர்" என்றாள் டாஃப்னி. "நாளைக்கு அடுத்த தெருவுல ஒரு ஜன்னல்ல ஒட்டி அவரைப் பிடிச்சு வைக்க அது வேணும்."