சாயம் போன தண்ணீர்

"ஐயா, துரையோட காரு பாலம் தாண்டிருச்சு! தண்ணி தெளிஞ்சிருச்சா?"

சாயப்பட்டறை முதலாளி பக்கிரிசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார். கொட்டகையில் பீப்பாய்க்குள் தலையை விட்டிருந்த கனகலிங்கம் நிமிரவேயில்லை.

"தெளிஞ்சுதான் வருது. எவ்வளவு நேரத்துக்கு நிக்கும் எண்டுதான் தெரியேல்லை."

கனகலிங்கம் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். கோலாலம்பூரில் அரசாங்க இரசாயனக் கூடத்தில் உத்தியோகம். கிள்ளான் ஆற்றில் சாயத் தண்ணீர் கலக்கிறது என்று ஆற்றோர மலாய்க் கம்பத்துக் கிராமத்தார் புகார் கொடுத்ததும், பட்டறையை மூடப்போவதாகச் சுகாதார இலாகாவின் வெள்ளைக்காரத் துரை மிரட்டினார். "மூட வேண்டாம், தண்ணீரைச் சுத்தம் செய்துவிடலாம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் இவர்தான். அன்றோடு மனிதருக்குத் தூக்கம் போயிற்று.

முதல் பீப்பாயில் சுண்ணாம்பு. பாதிச் சாயம் அதிலேயே அடியில் படிந்துவிடும். இரண்டாவதில் தேங்காய்ச் சிரட்டைக் கரி. மீதியை அது குடித்துவிடும். ஆனால் கரி எந்த நேரத்தில் கைவிரிக்கும் என்பது அவருக்கே பிடிபடவில்லை. வீட்டில் சோதித்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று சிவந்துவிட்டது. இன்று துரையின் கண்ணெதிரே அப்படி ஆனால் பட்டறைக்குப் பூட்டு. நூல் பிழிந்து பிழைக்கும் அத்தனை குடும்பமும் தெருவில்தான் நிற்கவேண்டும்.

"ஐயா, கொஞ்சூண்டு சுண்ணாம்பு எடுத்துக்கட்டுமா?" நூல் பிழியும் இராஜம்மா வந்து நின்றாள்.

"வெத்திலை போட இதுதானோ நேரம்? எடுத்துக்கொண்டு போ, பிள்ளை!"

அவள் சிரித்துக்கொண்டே கிள்ளி எடுத்துக்கொண்டு போனாள்.

துரை வந்தார். சிவப்புச் சாயம் கொதிக்கும் அண்டாவை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். கரிப் பீப்பாயின் குழாயில் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பட்டறையே வேலையை விட்டுவிட்டு அந்தக் கிளாஸை வாய்பிளந்து பார்த்தது. தண்ணீரில் பொட்டு நிறமில்லை.

"பரவாயில்லை. இன்னும் சற்று நேரம் ஓடட்டும், பார்க்கலாம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நூல் காயும் கொல்லைப் பக்கம் நடந்தார்.

கனகலிங்கத்துக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. துரை கேட்டதற்கெல்லாம் 'யெஸ் சார்' போட்டாரே தவிர, மனம் பீப்பாயிலேயே கிடந்தது. இப்போது சிவந்திருக்குமோ? இந்நேரம் சிவந்திருக்குமோ? கைக்குட்டையை எடுத்து எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"ஐயா, சும்மா இருங்க லா. நீங்க தவிக்கிற தவிப்புல துரைக்கே சந்தேகம் வந்துரும்," என்று பக்கிரிசாமி அவர் காதைக் கடித்தார்.

கொல்லையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். கொட்டகையிலிருந்து வாய்க்காலில் நூலாக வரும் தண்ணீர், வாசலோரம் ஒரு சின்னக் குழியில் தேங்கித்தான் ஆற்றுக்குப் போகும். துரை கைத்தடியால் குழியைக் காட்டினார்.

"இது என்ன?"

குழி இரத்தச் சிவப்பாக இருந்தது.

பயந்தது நடந்தேவிட்டது. கொட்டகைக்குள் போய்ப் பார்க்கக்கூடத் தோன்றாமல் கனகலிங்கம் ஒப்புக்கொண்டார்.

"கரி களைத்துவிட்டது, சார். என் முறை தேறவில்லை."

துரை உதட்டைப் பிதுக்கினார். "நாளைக்கு இங்கே அடுப்பு எரியக் கூடாது," என்று பக்கிரிசாமியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. பக்கிரிசாமி தலையில் கைவைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து இராஜம்மா ஓடி வந்தாள். கையில் காலிப் பித்தளைத் தாம்பாளம், முகமெல்லாம் சிரிப்பு.

"துரை ஒத்துக்கிட்டாருங்களா ஐயா? ஒத்துக்காம எங்க போவாரு! அத்தனை பேரு கண்ணும் உங்க பீப்பா மேல விழும்னு எனக்கு அப்பவே தெரியும். அதான் சுண்ணாம்பு கேட்டேன். நீங்கள்லாம் கொல்லைப் பக்கம் போனதும், மஞ்சளோட செவக்கக் கரைச்சு, பீப்பாய்க்கு நல்லா ஆலாத்தி சுத்தினேங்க. யாரும் மிதிச்சுடக் கூடாதேன்னு, இந்தா, இந்த வாசல் குழியிலதான் ஊத்தினேன்."

கனகலிங்கம் கொட்டகைக்குள் ஓடினார். கரிப் பீப்பாயின் குழாயில் தண்ணீர் இன்னும் இளநீராய்த் தெளிந்து கொட்டிக்கொண்டிருந்தது.