விறகுக்கு மட்டும்

“இதைக் கொஞ்சம் மழுக்கித் தருவீங்களா?” என்று திலகவதி வெட்டுக்கத்தியைப் பலகையில் வைத்தாள்.

மந்தாரக்குப்பத்தில் பதினாறு வருஷமாகச் சாணைக் கடை வைத்திருக்கும் சைமன்ராஜிடம் இப்படி யாரும் கேட்டதில்லை.

“தீட்டித்தாம்மா எனக்குப் பழக்கம். மழுக்கறதுக்கு உன் வூட்டாண்ட கருங்கல்லு இல்லியா?”

அவள் சிரிக்கவில்லை.

“விறகு பொளக்கணும். ஆனா ஆளு மேல பட்டா எறங்கக் கூடாதுங்க.”

சைமன்ராஜ் மோட்டாரை நிறுத்தினார்.

அவளை அரைகுறையாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இட்லிக் கடை போடுகிறவள். புருஷன் வேணு சுரங்கத்தில் கான்ட்ராக்ட். சம்பளத்தன்று அவன் குடித்துவிட்டுப் போட்ட சத்தம் இந்தத் தெரு வரைக்கும் கேட்டதுண்டு.

எந்த ஆள் என்று அவர் கேட்கவில்லை.

“மழுக்கக் கூடாதும்மா. மழுங்கின கத்தி கட்டைல வழுக்கி உன் காலுக்கு வரும். வேற வழி இருக்கு, இங்க பாரு.”

சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒல்லியாக ஒரு முக்கோணம் வரைந்தார்.

“இப்ப உன் கத்தி இப்படி. வாய் மெலிசு. பச்சைக் கிளைக்குச் சரி. ஈரமா, நாரா இருக்கிறதுல வழுக்கிக்கினு உள்ள போயிடும். காஞ்ச முந்திரிக் கட்டைன்னா மாட்டிக்கும்.”

பக்கத்திலேயே, இரண்டு புறமும் புடைத்த இன்னொன்றை வரைந்தார்.

“இது மீன் வயித்தாட்டம். நுனி கூருதான். ஆனா உடனே பின்னால வயிறு வந்துடும். காஞ்ச கட்டைல நுனி நெகக்கண் அளவு எறங்கினாப் போதும், வயிறு தள்ளிப் பொளந்துடும். பச்சையா இருக்கிறது பொளக்காதில்லே? அங்க அந்த வயிறே தடை. போவாது, நின்னுடும்!”

சொல்லி முடித்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. எதற்காகச் சொன்னோம் என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“அப்படியே வெச்சிடுங்க,” என்றாள்.

அரை மணி நேரம் பொறி பறந்தது. வாய்க்குப் பின்னால் இரு புறத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டினார். இரும்பு சூடேறும்போதெல்லாம் தண்ணீரில் முக்கினார்.

பிறகு பச்சைப் பூவரசங்கிளை ஒன்றை வெட்டிப் பார்த்தார். கத்தி ஒரு விரற்கடை ஆழத்தில் நின்றது.

“குடுங்க,” என்று வாங்கிக்கொண்டாள் அவள். காய்ந்த முந்திரிக் கட்டையை நிறுத்தி ஒரே போடு. நட்டநடுவில் பிளந்து இரண்டு பக்கமும் விழுந்தது.

“ஆளு மேல பட்டா?”

“பொய் சொல்ல மாட்டேம்மா. எலும்பு உடையும். ரத்தம் வரும். ஒரே வெட்டுல உயிர் போவாது, அவ்ளோதான்.”

“அது போதுங்க. அதுக்குள்ள புத்தி வந்துடும்.”

கத்தியைச் சுற்றச் சாக்குத்துணியை எடுக்கத் தன் சைக்கிள் பக்கம் திரும்பினாள். சைமன்ராஜுக்கு மனசு கேட்கவில்லை.

“அவன் கத்தியத் தூக்கினா நேரா நிக்காதம்மா. பக்கவாட்டுல ஒதுங்கிடு.”

சைக்கிள் கூடையிலிருந்த மருந்துக்கடைப் பையை அவள் ஓரமாக நகர்த்தினாள். வாய் பிதுங்கிய பையில், பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட் ஒன்று பாதி வெளியே தெரிந்தது.

“அவுரு பைக்லேர்ந்து உழுந்து ஒன்றரை வருஷமாவுதுங்க. கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாது.”

கத்தியின் பிடியை அவள் இன்னும் விடவில்லை.