பிஸ்கட் டின் மூடி

"வைத்தியருக்கு மட்டும் சாவே கிடையாதா? இது நியாயமா லா?" என்றான் கார்த்திகேசு.

விளையாட்டில் அவனுடைய வாள்வீரன் அப்போதுதான் செத்திருந்தான். அந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. செரண்டா தொழிற்சாலையில் வாரம் ஆறு நாள் நின்றே வேலை பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் பத்தாங் காலி ரப்பர் தோட்டத்துக்கு வருவதே இந்த விளையாட்டுக்காகத்தான். வந்து உட்கார்ந்த அரை மணி நேரத்தில் செத்துப்போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

விளையாட்டு லண்டனிலிருந்து வந்தது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, வைத்தியராகவோ புகுந்து பூதங்களோடு மோத வேண்டும். அடி பட்டதா, தப்பித்ததா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும்.

கதை சொல்கிறவன் கார்த்திகேசுவின் நண்பன் மகாதேவா. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. பூதத்துக்கான பகடையை மட்டும் அவன் ஒரு பிஸ்கட் டின் மூடியை நிமிர்த்தி வைத்து, அதன் மறைவில் உருட்டுவான். கதை சொல்பவருக்கு அந்த உரிமை உண்டு என்று விளையாட்டோடு வந்த விதிப் புத்தகத்திலேயே போட்டிருந்தது.

வைத்தியர், அவன் தங்கை சரோஜினி.

"என் வீரனுக்கு உயிர் நாப்பது புள்ளி. இவ வைத்தியருக்கு வெறும் ஆறு. ஒரு அடி பட்டாலே போயிரணும். எட்டு மாசமா ஒரு அடிகூட படல. எனக்கு மட்டும் வாரா வாரம் கருமாதி."

"பகடை அப்படி விழுது. நான் என்ன செய்யிறது?" என்றான் மகாதேவா.

"நீயும் வைத்தியரா வாயேன் கார்த்தி," என்று சிரித்தாள் சரோஜினி.

"எனக்கு அடிக்கணும் லா. மருந்துப் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால நிக்க யாருக்குப் பிடிக்கும்?"

"எனக்குப் பிடிக்கும். அடிக்க நிறையப் பேர் இருக்கினம். விழுந்தவனைத் தூக்கத்தான் ஒருத்தரும் இல்லை."

அவ்வளவு பேசுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே கைகளில் நீலமாகக் கன்றிப்போன தடங்கள் இன்னும் மறையவில்லை. அதற்காகத்தான் போன வாரம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஐந்து நாள் அந்த வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை சபாரத்தினம் மாமா ஆஸ்பத்திரியில் முடிவை வாங்கிக்கொண்டு அங்கிருந்தே போன் செய்தார். எண்பத்தாறில் அந்தத் தோட்டத்தில் போன் இருந்தது ஆபீசில் மட்டும்தான். மகாதேவா வீட்டுக்கு ஓடி வந்து சொன்னான்: "ஒன்றும் இல்லை அம்மா. வெறும் ரத்தக் குறைவுதானாம்."

அம்மா கமலாதேவி அழுதார். பிறகு கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். ஆசிரியர் பயிற்சிக்குப் போகவென்று வாங்கி, நம்பிக்கை போய் அலமாரிமேல் ஏற்றிவிட்ட பெட்டியைச் சரோஜினி மறுபடி கீழே இறக்கித் துடைத்து வைத்தாள். அன்றிலிருந்து மகாதேவா மட்டும் அதிகம் பேசவில்லை. ஆபீசில் வேலை கூடுதல் என்று அம்மா நினைத்துக்கொண்டார். இன்றைக்குப் பாயசம் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"சரி, கடைசிச் சண்டை," என்றான் மகாதேவா. "பூதம் இப்ப வைத்தியர் மேல பாயுது. பத்துக்கு மேல விழுந்தால் அடி."

மூடிக்குப் பின்னால் பகடை உருண்டது. குனிந்து பார்த்தான்.

"நாலு. தப்பிட்டாள்," என்று சொல்லிக்கொண்டே பகடையை அள்ளக் கையை நீட்டினான்.

கார்த்திகேசு முந்திக்கொண்டு மூடியைத் தட்டிவிட்டான். அது தரையில் விழுந்து உருண்டு போனது. மேசைமேல் பகடை அப்படியே கிடந்தது.

"பத்தொம்பது," என்றான் கார்த்திகேசு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எட்டு மாசமா இந்த வேலைதானா? பாரு சரோ, உன் வைத்தியர் எப்பவோ செத்தாச்சு."

மகாதேவாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அவள் போயிட்டால் பிறகு ஆட்டமே இல்லையடா," என்றான். "அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. அதுதான்."

"இருக்கட்டும் லா, விளையாட்டுதானே. ஆனா எப்படிடா? நான் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சம்கூட மாறல. பத்தொம்பதப் பாத்துட்டு நாலுன்னு அவ்வளவு சாதாரணமா சொல்ற."

சரோஜினி சிரிக்கவில்லை. பகடையையும் பார்க்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மா பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றும் சத்தம் கேட்டது.

"அண்ணா," என்றாள், அம்மாவுக்குக் கேட்காத குரலில். "வெள்ளிக்கிழமை போனில மாமா உண்மையில என்ன சொன்னவர்?"

மகாதேவா குனிந்தான். தரையில் கிடந்த பிஸ்கட் டின் மூடியை எடுத்து, தன் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் மறுபடி நிமிர்த்தி வைத்தான்.